இரண்டு நோட்டுகள்: தாம்பத்திய இன்பத்தை நீங்களே கவனித்து அறிவது

பெங்களூருவை அடுத்த ஆனேக்கலின் கடைத்தெருவில் நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்குங்கள். ஒன்று கணவருக்கு, ஒன்று மனைவிக்கு. ஒரே நோட்டில் இருவரும் எழுதக் கூடாது. ஒருவருக்காக மற்றவர் எழுதவே கூடாது. நோட்டு எழுதுவதில் மீறக் கூடாத விதி இது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், நம் வீடுகளில் கணவருடைய அனுபவமே இருவருடைய அனுபவமாகவும் கணக்கில் ஏறிவிடுகிறது. "நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அவர் கேட்பார். "ம்" என்று அவர் மனைவி சொல்வார். அந்த "ம்"முக்குள் என்ன இருந்தது என்று பத்து வருஷமானாலும் வெளியே வராது. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 52,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். உறவின்போது எப்போதும் அல்லது பெரும்பாலும் உச்சம் அடைவதாகச் சொன்னவர்கள், எதிர்பால் ஈர்ப்புள்ள ஆண்களில் 95 சதவீதம். பெண்களில் 65 சதவீதம். இது அமெரிக்கக் கணக்கு, நம் தெருவுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறவு ஒன்றாகவே இருந்தாலும் அனுபவம் இரண்டு என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். இரண்டு அனுபவத்தை ஒரு கையெழுத்தில் எழுத முடியாது.

இப்படி எழுதிப் பார்க்கும் யோசனை புதிதல்ல. 1918-ல் மேரி ஸ்டோப்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 'மேரீட் லவ்' என்ற நூலை வெளியிட்டார். படிப்பால் அவர் தாவரவியல் அறிஞர், புதைபடிவத் தாவரங்களை ஆராய்ந்தவர். பெண்ணின் ஆசை மாதம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை, அலை போல ஏறி இறங்குகிறது என்று சொன்னதோடு நிற்காமல், அதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஏறும் என்று அவர் வகுத்த கணக்கு பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆனால், பெண்ணின் ஆசைக்கு அவளுடைய உடம்பிலேயே காரணம் இருக்கிறது, அதை நாள்தோறும் குறித்தால் பிடிபடும் என்ற அடிப்படை நின்றது. 2013-ல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ரோனியும் சக்கரி சிம்மன்ஸும் பெண்களின் ஹார்மோன் அளவையும் ஆசையையும் தினம் தினம் அளந்தார்கள். ஈஸ்ட்ரடயால் கூடும் நாட்களை ஒட்டி ஆசை கூடியது. புரோஜெஸ்டிரோன் கூடும்போது குறைந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மூத்த தலைமுறை உண்டு. டாக்டர் ஏ.பி.பிள்ளை 1934-ல் பம்பாயிலிருந்து 'மேரேஜ் ஹைஜீன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1947 முதல் அது பாலியல் ஆய்வுக்கான சர்வதேசப் பத்திரிகையாக வேறு பெயரில் வந்தது. பிற்காலத்தில் 'ஜி ஸ்பாட்' என்று உலகமே பேசிய விஷயத்துக்கு மூலமான எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க்கின் கட்டுரை 1950-ல் வெளியானது அந்தப் பம்பாய்ப் பத்திரிகையில்தான். பெண்ணின் இன்பம் எதனால் வருகிறது என்று உலக மருத்துவர்கள் வாதாடிய மேடை நம் நாட்டில் இருந்திருக்கிறது. அதன் பிறகு நாம் ஏன் இதைப் பேசாமல் விட்டோம் என்பது எனக்கு வருத்தமான கேள்வி.

இனி ஆனேக்கலுக்கு வருவோம். ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். கணவர் பொம்மசந்திராவில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். மனைவி ஜிகணியில் கார்மென்ட்ஸ். சந்தாபுரத்தில் வரிசையாகக் கட்டிய ஷீட் வீடுகளில் ஒன்று. ஒரு அறை, ஒரு சமையல் மேடை. பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். கதவின் தகரத் தாழ்ப்பாளைப் போட்டால் அந்தச் சத்தம் வரிசை முழுக்கக் கேட்கும். ஆகவே யாரும் போடுவதில்லை, கதவைச் சாத்தி வைப்பதோடு சரி. மூன்று வயதுப் பெண் குழந்தை நடுவில் படுக்கிறாள். கோடையில் இரவு பத்து மணிக்கும் ஷீட் சூடு இறங்குவதில்லை.

இவர்களுக்கு இன்பம் குறைகிறது என்றால் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிய போஸ்டர் என்ன சொல்லும்? ஆண்மைக் குறைவு என்று சொல்லும். நோட்டு என்ன சொல்லும் என்று பார்ப்போம். மனைவியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். பீரியட்ஸ் வந்து ஆறாம் நாள். தூக்கம் ஐந்து மணி நேரம், நடுவில் பாப்பா இரண்டு தடவை எழுந்தாள். இடுப்பு வலி. அவர் செகண்ட் ஷிஃப்ட், வந்தபோது பதினொன்றே முக்கால். ஆசை 1. கேட்டார். இன்னைக்கு வேண்டாங்க என்றேன். சரி என்றார். தலையைக் கோதிவிட்டார். அது பிடித்தது."

இன்னொரு பக்கம்:

"ஞாயிறு. பாப்பா ஓசூரில் அம்மா வீட்டில். காலையில் எட்டு மணி வரை தூங்கினோம். மதியம். அவசரம் இல்லை. ஆசை முதலில் 2, கால் மணி நேரம் கழித்து 4. வலி இல்லை. உச்சம் வந்தது. இன்பம் 5. கதவைப் பற்றிய பயம் இல்லை, பக்கத்து வீட்டில் யாரும் இல்லை."

முதல் பக்கத்தில் உறவே நடக்கவில்லை. இருந்தாலும் அது இரண்டாவது பக்கத்துக்குச் சமமான மதிப்புள்ளது. புதிதாக எழுதத் தொடங்குகிறவர்கள் உறவு நடந்த நாளை மட்டும் எழுதுவார்கள். அப்படி எழுதினால் எது தடுக்கிறது என்பது நோட்டில் வரவே வராது. எதுவும் நடக்காத நாளிலும் மூன்று வரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உடம்பில் எங்கே வலி, மனசில் என்ன ஓடியது, ஆசை எவ்வளவு. மாதவிடாய் உள்ளவர்கள் அது வந்து எத்தனையாவது நாள் என்பதையும் சேர்க்க வேண்டும். ஆசை, இன்பம், வலி மூன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை எண் போதும். பத்து வரை வைத்தால் ஆறா ஏழா என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தையாவது வேண்டும். "அது பிடித்தது" என்ற அந்தச் சின்ன வரியை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது.

எப்போது எழுதுவது? மறுநாள் காலையில், டீ குடிக்கும்போது. உறவு முடிந்த கையோடு நோட்டை எடுக்காதீர்கள். எழுதப் போகிறோம் என்ற நினைப்பு படுக்கையில் இருந்தால், தன்னைத் தானே வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் நிலை வந்துவிடும். ஆசை அடங்குவதற்கும் விறைப்பு தளர்வதற்கும் இந்த வேடிக்கை ஒரு முக்கியக் காரணம் என்று பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-லேயே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று: உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை மனநிலை எப்படி இருந்தது என்பதையும் குறியுங்கள். புதுமணத் தம்பதிகளை இரண்டு வாரம் தினமும் எழுதவைத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நல்ல உறவின் நிறைவு சுமார் 48 மணி நேரம் நீடிப்பது தெரிந்தது. அந்த இரண்டு நாளில் பேச்சு இதமாக இருந்ததா, சிடுசிடுப்பு இருந்ததா என்பதும் இன்பத்தின் கணக்கில் சேரும்.

முதல் ஒரு மாதம், அதாவது ஒரு முழு மாதவிடாய்ச் சுழற்சி, எதையும் மாற்றாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இது பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல், பின்பு கூடியதா குறைந்ததா என்று சொல்லவே முடியாது.

அந்த மாதம் முடிந்ததும் வாராந்திர விடுமுறையில் இருவரும் உட்காருங்கள். நோட்டைக் கை மாற்ற வேண்டியதில்லை. அவரவர் விரும்பிய வரிகளை மட்டும் வாசித்துக் காட்டலாம். மேலே சொன்ன மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் உடனே, "அப்போ வாரா வாரம் பாப்பாவ ஓசூருக்கு அனுப்பிடலாம்" என்பார். அவசரப்படக் கூடாது. அந்த ஞாயிறு செவ்வாயிலிருந்து பல விஷயங்களில் வேறுபட்டது. தூக்கம் கூடுதல், குழந்தை இல்லை, பகல் நேரம், கால் மணி நேர நிதானம், பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, இடுப்பு வலி இல்லை. உப்பையும் புளியையும் காரத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, குழம்பு ஏன் ருசித்தது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ஆகவே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு வாரம் அதை வைத்திருங்கள். பிறகு இரண்டு வாரம் பழையபடி விட்டுப் பாருங்கள். கூடியது குறைகிறதா என்று நோட்டு சொல்லும். ஷிஃப்ட் மாறுகிறவர்கள் ஒரே ஷிஃப்ட் வாரங்களைத்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். நைட் ஷிஃப்ட் வாரத்தைப் பகல் ஷிஃப்ட் வாரத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

எதை முதலில் மாற்றிப் பார்ப்பது என்று கேட்டால் தூக்கம் என்பேன். 2015-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கால்ம்பாக் குழுவினர் 171 பெண்களை 14 நாள் எழுதவைத்தார்கள். நீளமாகத் தூங்கியதற்கு மறுநாள் ஆசை கூடியிருந்தது. ஒரு மணி நேரத் தூக்கம் கூடினால் துணையோடு உறவு கொள்ளும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. ஆனேக்கல் தாலுகாவில் இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் எழுதி வைக்கலாம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகளில் கணவனுக்கு ஒரு நேரம், மனைவிக்கு ஒரு நேரம் என்று வாழும் வீடுகளில் முதலில் பறிபோவது தூக்கம்தான். அங்கே ஆசை இல்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அசதிதான். வழியும் சிறியதுதான்: செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் இரவு உறவை எதிர்பார்க்காமல் இருப்பது, விடுமுறை நாள் காலைக்கு மாற்றுவது, குழந்தை எழுந்தால் யார் பார்ப்பது என்று முறை போட்டுக்கொள்வது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்ததில் சிலருக்குப் பயண நேரம் குறைந்திருக்கும். அந்த நேரம் தூக்கத்துக்குப் போகிறதா, போனுக்குப் போகிறதா என்பதையும் நோட்டில் பாருங்கள்.

அடுத்து தனிமை. இதைப் பற்றி நம் தமிழ் மருத்துவப் பத்திகள் குறைவாகவே பேசுகின்றன. யாராவது கேட்டுவிடுவார்கள், குழந்தை விழித்துவிடும், மாமியார் கதவைத் தள்ளிவிடுவார் என்ற பயம் இருக்கும் வரை உடம்பு தளராது. பெண்ணுக்குத்தான் இது கூடுதல்; கேட்டால் பேச்சு வாங்குவது அவள்தான். ஆனேக்கலில் வீட்டுக்குள்ளேயே பட்டுத் தறி வைத்து நெசவு செய்யும் கூட்டுக் குடும்பங்களில், புதுமணத் தம்பதிக்கு ஓர் அறை என்பதே எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. நோட்டில் தனிமைக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள்: "பயம் இருந்ததா, எதைப் பற்றி?" பிறகு சோதித்துப் பாருங்கள். தகரத் தாழ்ப்பாளுக்குப் பதில் சத்தமில்லாத ஒன்றைப் பொருத்துவது, குழந்தையைச் சுவரோரம் தனிப் பாயில் படுக்கப் பழக்குவது, கட்டில் கிறீச்சிட்டால் மெத்தையைத் தரையில் போடுவது, ஃபேனைக் கூடுதல் வேகத்தில் வைப்பது. இவை எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் ஒரு தாழ்ப்பாளை மாற்றிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது அந்தக் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஆசை முதலில் 2, பிறகு 4 என்று இருந்ததைக் கவனியுங்கள். 2000-ல் ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் இதை விளக்கினார்: பல பெண்களுக்கு, குறிப்பாக நெடுநாள் மணவாழ்வில், ஆசை முதலில் வந்து தொடுதல் பிறகு வருவதில்லை. இதமான தொடுதலும் நெருக்கமும் முதலில். ஆசை அதைத் தொடர்ந்து எழுகிறது. தொடக்கத்தில் ஆசை இல்லை என்பதால் அந்தப் பெண்ணிடம் குறை இருப்பதாக அர்த்தமில்லை. ஆனால் இதை யாரும் சாக்காக்கிவிடக் கூடாது. தொடக்கத்தில் மனம் இருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்ற சம்மதமாவது இருக்க வேண்டும். "வேண்டாம்" என்ற இடத்தில் எந்தச் சோதனையும் இல்லை.

எங்கே, எப்படித் தொட்டால் பிடிக்கிறது என்பதும் நோட்டில் வர வேண்டிய விஷயம். பெண்ணின் உச்சத்துக்கு மையம் கிளிட்டோரிஸ். யோனியின் வாயிலுக்கு மேலே, உதடுகள் சேரும் இடத்தில் இருக்கும் சிறு மொட்டு. வெளியே தெரிவது அதன் நுனி மட்டும். பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. 2018-ல் டெபி ஹெர்பெனிக் குழு அமெரிக்கப் பெண்களிடம் கேட்டபோது, உறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்றவர்கள் 18 சதவீதம்தான். கிளிட்டோரிஸைத் தூண்டுவது கட்டாயம் வேண்டும் என்றவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 37 சதவீதம். இது தெரியாமல், தனக்கு ஏதோ குறை என்று நினைத்து வாழும் பெண்களும், மனைவிக்கு உணர்ச்சியே இல்லை என்று முடிவு கட்டிய ஆண்களும் ஏராளம். ஒரு பெண் தனியாக இருக்கும்போது தன் உடம்பைத் தானே தொட்டு அறிந்துகொள்வதும் இந்தச் சோதனையில் ஒரு நல்ல படி. அதில் தவறும் இல்லை, கேடும் இல்லை. அறிந்ததைக் கணவரிடம் சொல்ல வாய் வரவில்லையென்றால், நோட்டில் எழுதி அந்தப் பக்கத்தை மட்டும் காட்டலாம். அவர் கையை எடுத்து வைத்துக் காட்டுவது அதைவிட எளிது.

வறட்சி இருந்தால் அதையும் எழுதுங்கள். பாலூட்டும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜென் குறைவதால் யோனி வறண்டுபோவது சாதாரணம். மாதவிடாய் நின்ற பிறகும் அப்படித்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல்லை இரண்டு வாரம் பயன்படுத்தி, வலி எண் இறங்குகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் சட்டென்று கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. ஆணுறை போடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழிந்துவிடும். கர்ப்பமாகிவிடுமோ என்ற பயமே இன்பத்தைக் கெடுக்கும் பெரிய காரணம் என்பதால், நம்பகமான கருத்தடை முறைக்கு மாறுவதும் ஒரு சோதனைதான். அதற்கு முன்பும் பின்பும் உள்ள பக்கங்களை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

வாரத்துக்கு எத்தனை தடவை என்ற கணக்கை மட்டும் இலக்காக வைக்காதீர்கள். நோட்டு கையில் இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கை அரிக்கும். 2015-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் குழுவினர் இதையே சோதித்தார்கள். 64 தம்பதிகளில் பாதிப் பேரை உறவை இரண்டு மடங்காக்கச் சொன்னார்கள். எண்ணிக்கை கூடியது, மகிழ்ச்சி கூடவில்லை. ஆசையும் இன்பமும் சற்றுக் குறையவே செய்தன. சொல்லிச் செய்தது வேலையாகிவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்களைப் பார்த்து ஏமி மியூஸ் குழு 2016-ல் வெளியிட்டதும் இதற்கு ஒத்துப்போகிறது: வாரம் ஒரு தடவை வரை மகிழ்ச்சி கூடுகிறது, அதற்கு மேல் தடவை கூடுவதால் மகிழ்ச்சி கூடுவதில்லை.

உங்கள் சோதனையில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. சுவர் விளம்பரம், லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர், பெயர் தெரியாத மாத்திரை, எதுவும் வேண்டாம். இன்ப சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கிறது என்பதற்காக அது சட்டப்படியானது ஆகிவிடாது. விந்து வெளியேறுவதால் உடம்பு கெடும் என்ற பயத்தை அந்த விளம்பரங்கள் வளர்க்கின்றன. அந்தப் பயமும் அதனால் வரும் சோர்வும் சேர்ந்த நிலைக்கு 1960-லேயே டாக்டர் என்.என்.விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். விந்து போவதால் பலம் போவதில்லை, பயத்தால் போகிறது. சில்டெனாஃபில் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழும்.

மனைவி மேல் கணவர் வற்புறுத்தி எதையும் செய்து பார்ப்பது சோதனையே அல்ல. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே சொல்கிறது. அந்த நிலையில் இருக்கும் பெண்ணுக்கு நோட்டு உதவாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

சில வரிகள் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால், சோதனையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். உள்ளே நுழையும்போது ஒவ்வொரு தடவையும் வலி, உறவுக்குப் பின் ரத்தம், உள்ளே நுழையவே விடாதபடி தசை இறுகிப்போவது: இவற்றுக்கு மகப்பேறு மருத்துவர். ஆணுக்குப் பல வாரமாக, காலையில் விழிக்கும்போதும்கூட விறைப்பு வரவில்லை என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவதற்குச் சில வருஷம் முன்பே ஆணுறுப்பின் மெல்லிய குழாய்கள் காட்டிக்கொடுத்துவிடுவது உண்டு. சிகரெட்டும் புகையிலையும் அந்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் தொடங்கிய பிறகு ஆசையோ உச்சமோ குறைந்தால், தொடங்கிய தேதியை நோட்டில் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ டாக்டரால் முடியும். "எப்பத்திலிருந்து?" என்று டாக்டர் கேட்கும்போது, தலையைச் சொறியாமல் தேதி சொல்ல முடிவது பெரிய விஷயம்.

எங்கே போவது என்று தயங்க வேண்டாம். ஆனேக்கலில் தாலுகா அரசு மருத்துவமனை இருக்கிறது. மனம் சம்பந்தப்பட்டது என்று தோன்றினால் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் இருக்கிறது. வெளியில் போகக் கூச்சமாக இருந்தால், 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

நோட்டை எங்கே வைப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். செயலியில் எழுதலாமே என்று கேட்பீர்கள். எனக்குச் செயலிகள் மேல் நம்பிக்கை குறைவு. 2011-ல் ஃபிட்பிட் பயனாளர்கள் உடற்பயிற்சியாகக் குறித்து வைத்த உடலுறவு விவரங்கள் கூகுள் தேடலில் எல்லாருக்கும் தெரியும்படி வந்துவிட்டன. ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி, பெண்களின் விவரங்களை வெளி நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது என்ற புகாரில் 2021-ல் அமெரிக்க அரசு அமைப்போடு உடன்பாடு செய்துகொள்ள வேண்டிவந்தது. போனிலேயே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்டுள்ள, இணையத்தில் ஏறாத குறிப்பாக வையுங்கள். நோட்டைப் படம் எடுக்காதீர்கள். கேலரி தானாக எங்கெங்கோ போய்ச் சேரும். காகிதத்துக்கும் ஆபத்து உண்டு, வீட்டிலேயே. பெயர் எழுதாதீர்கள். உறவுக்கு ஒரு புள்ளி, உச்சத்துக்கு ஒரு நட்சத்திரம், வலிக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொண்டால், ஓனரம்மா கையில் சிக்கினாலும் பால் கணக்கு என்றுதான் நினைப்பார்.

கணவர் நோட்டைப் பற்றியும் ஒன்று. பெண்ணின் நோட்டைவிட அது வெறுமையாக இருக்கும். "நல்லா இருந்துச்சு" என்று ஏழு நாளும் ஒரே வரி. விறைப்பைப் பற்றிய கவலை, சீக்கிரம் முடிந்துவிடுமோ என்ற பயம், வேலையில் சூப்பர்வைசர் திட்டியது, கடன் தவணை, குடித்த நாள் எது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மது ஆசையைக் கிளப்புவது போலத் தோன்றும். விறைப்பையும் உச்சத்தையும் கெடுக்கும். குடித்த நாள், குடிக்காத நாள் இரண்டையும் மனைவி எழுதிய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரும் வாதாட வேண்டியிருக்காது. உட்கார்ந்து பேசும்போது மனைவியின் எண் உங்கள் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அதை மறுக்காதீர்கள். "அப்போ எதை மாத்தலாம், சொல்லும்மா" என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

மூன்று மாதம் எழுதினால் போதும். உங்கள் இருவருக்கும் எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று நான்கைந்து வரி கிடைத்திருக்கும். அவற்றைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு நோட்டைக் கிழித்துவிடலாம். வேலை மாறும்போதும், குழந்தை பிறந்த பிறகும், புது மாத்திரை தொடங்கும்போதும், நாற்பதைத் தாண்டி மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கும்போதும் புதிதாக இரண்டு நோட்டு வாங்குங்கள். பழைய தாளில் இருக்கும் வரிகள் அப்போதும் உண்மையா என்று முதல் மாதம் எதையும் மாற்றாமல் எழுதிப் பாருங்கள்.